வாபஸ் வாங்காத பிராது

அந்தம்மாவுக்குக் கோவம் வந்தா மொதல்ல சிரிப்பாங்க. இது தெரியாம மாட்டிக்கிட்டவங்க விருத்தாசலத்துல நெறைய பேரு. சத்தம் போட்டுத் திட்டினாங்கன்னா பயப்படவே வேணாம், அது அன்னைக்கே தீந்துடும். சிரிச்சுட்டு, "அதனால என்னங்க, பரவாயில்ல"ன்னு சொல்லிட்டாங்கன்னாதான் ஆபத்து. அந்தப் பரவாயில்லைக்குப் பதில் என்னைக்காவது ஒரு நாள் வூடு தேடி வரும்.

சொந்தத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனாங்க. வாசல்ல எல்லாருக்கும் தாம்பூலப் பை குடுத்துக்கிட்டு இருந்தவங்க, இவங்க வந்தப்ப மட்டும் பை தீந்துபோச்சுன்னு கையை விரிச்சிருக்காங்க. பின்னாடியே வந்தவங்களுக்கு எடுத்துக் குடுத்திருக்காங்க. புருஷன் இல்லாதவதானே, கேக்க ஆளு இல்லன்னு ஒரு எளக்காரம். இவங்க சிரிச்சுட்டு வந்துட்டாங்க. வருஷக் கணக்காச்சு. தன் பொண்ணு கல்யாணத்துக்கு அந்த வூட்டுக்கு நேராப் போயி வெத்தலை பாக்கு வச்சுக் கூப்பிட்டாங்க, கார் அனுப்பிச்சாங்க, மொத பந்தியில ஒக்கார வச்சு ரெண்டாந்தரம் பாயசம் ஊத்தினாங்க. கெளம்புறப்ப வாசல்ல இவங்களே நின்னுக்கிட்டு, "அடடா, பை தீந்துபோச்சுங்களே"ன்னாங்க. முதுகுக்குப் பின்னாடி கூடை நெறைய பை இருக்குது. அதை மறைக்கக்கூட இல்ல. நான் பக்கத்துலதான் நின்னேன்.

நான் டூவீலர் மெக்கானிக். ஜங்ஷன் ரோட்டுல பட்டறை. அவங்களுக்குப் பீங்கான் கம்பெனி, ஃப்யூஸ் கட்டை, அகல் விளக்கு, கொலு பொம்மைன்னு போடுவாங்க. அவங்க வண்டியெல்லாம் எங்கிட்டதான் வரும். என்னை விட மூத்தவங்க, அக்கான்னுதான் கூப்பிடுவேன். ஏன்க்கா இப்படி, வுட்டுத் தொலைங்களேன்னு சொன்னா, "மறக்குறதுக்கு எனக்கு எங்கப்பா நேரம்? வேலை கெடக்குது"ன்னுட்டு சூளைப் பக்கம் போயிடுவாங்க.

எங்க ஜில்லாவுலயே இருக்குற மங்களூர் கடைக்கு விளக்கு மூட்டை கொண்டுபோறப்ப ஒரு கண்டக்டர் லக்கேஜ் தகராறுல மூட்டையப் பாதி வழியில தூக்கிப் போட்டுட்டான். உள்ள இருந்ததெல்லாம் ஒடஞ்சுது. அதுக்கப்புறம் தெனம் அதே பஸ்ஸு, கண்டக்டர் சீட்டுக்கு நேர் எதுத்தாப்ல ஒக்காருவாங்க. கடைசி ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்குவாங்க. ஒரு வார்த்தை பேச மாட்டாங்க, அவன் மூஞ்சியையே பாத்துக்கிட்டு வருவாங்க. கொஞ்ச நாள்ல அந்த ஆளு டெப்போவுல அழுது பொலம்பி வேற ரூட்டு வாங்கிட்டுப் போனான். பஸ் ஸ்டாண்டுல இன்னைக்கும் இதைச் சொல்லிச் சிரிப்பாங்க.

எனக்காகவும் செஞ்சிருக்காங்க, அதையும் சொல்லணும். புதுசா வந்த ஷோரூம் மேனேஜர் ஒருத்தன், நான் பழைய சாமானைத் தொடச்சு மாட்டுறேன்னு ஊரெல்லாம் பரப்பிவுட்டான். அக்கா அந்த ஷோரூம்ல ஒரு ஸ்கூட்டர் எடுத்தாங்க. எடுத்துட்டு சனிக்கெழமை தவறாம அங்க போயி நின்னாங்க. "வண்டியில ஒரு சத்தம் கேக்குதுங்க. உங்களுக்குக் கேக்கல?" ஷோரூம்காரங்க வண்டியப் பிரிச்சுப் பிரிச்சுப் பாத்தாங்க. அக்கா மத்த கஸ்டமருங்க ஒக்காந்திருக்கிற எடத்துல நின்னுதான் கேப்பாங்க. கடைசியில அந்த மேனேஜர் என் பட்டறைக்கு வந்து, தெரியாம பேசிட்டேன், அந்தம்மாவை வரவேணாம்னு சொல்லுங்கன்னு கெஞ்சினான். எனக்கு என்ன ஒரு சந்தோஷம். அடுத்தவன் மேல பாயுறப்ப அது நல்லாத்தான் இருக்குது.

இப்படிப்பட்ட ஆளுக்கும் ரேஸுக்கும் என்ன சம்பந்தம்னா, எல்லாம் ஒரு பீங்கான் ஹெல்மெட்டால வந்தது.

மெட்ராஸ்ல தன் பேர்லயே பெரிய பைக் ரேஸ் டீம் வச்சிருந்த ஒரு ஆளு, நேஷனல் சாம்பியன்ஷிப் ஜெயிச்சவன், தன் ஆளுங்களுக்கு நினைவுப் பரிசா குடுக்க ஹெல்மெட் மாதிரி பீங்கான்ல செஞ்சு கேட்டிருந்தான். அக்கா அதுக்காகத் தனியா அச்சு போட்டு, தானே ஒக்காந்து பெயிண்ட் வச்சு, சூளையில ஒண்ணொண்ணா பாத்து எடுத்தாங்க. நான் என் குட்டியானை லோடு வண்டியில ஏத்திக்கிட்டு ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருக்குற டிராக்குக்குக் கூட்டிட்டுப் போனேன். கேட்டுல வெயில்லயே நிக்க வச்சாங்க. மத்தியானம் அந்த ஆளு நாலு பேரோட வந்தான். ஒண்ணைக் கையில எடுத்துத் திருப்பிப் பாத்தான். "என்னம்மா, கக்கூஸ் பீங்கான் மாதிரி இருக்குது"ன்னான். கூட இருந்தவனுங்க சிரிச்சானுங்க. சிரிப்போட சிரிப்பா அதைக் கீழ வுட்டான், ஒடஞ்சுது. எடுத்துட்டுப் போங்க, வேற எங்கயாவது பாத்துக்குறோம்னுட்டு உள்ள போயிட்டான்.

அக்கா ஒடஞ்ச துண்டையெல்லாம் பொறுக்கி முந்தானையில போட்டுக்கிட்டாங்க. "பரவாயில்லங்க"ன்னு அவன் முதுகைப் பாத்துச் சொன்னாங்க. எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு, இது தாம்பூலப் பையோட போற சமாச்சாரம் இல்லன்னு. உள்ள வண்டிங்க ஓடுற சத்தம். கம்பி வேலி கிட்ட போயி ரொம்ப நேரம் நின்னு பாத்தாங்க. திரும்பி வந்து, இவன் எதுல தோத்தா இவனுக்கு வலிக்கும்னு கேட்டாங்க. இதுலதான்க்கான்னேன்.

"அப்ப நாமளும் ஓட்டுவோம்."

வெளையாட்டுக்குச் சொல்றாங்கன்னு நெனச்சேன். நான் வயசுல இந்த ரேஸ் பைத்தியம் புடிச்சு அலைஞ்சவன், லோக்கல் ரேஸுக்கெல்லாம் இன்ஜின் ரெடி பண்ணிக் குடுத்தவன். அது அவங்களுக்குத் தெரியும். கம்பெனிக்குப் பின்னாடி கெடந்த மனைய வித்தாங்க. பழைய ரேஸ் வண்டி ரெண்டு வந்து எறங்குச்சு. பட்டறைக்குப் பின்னாடி ஒரு ஷெட்டு போட்டோம்.

ஓட்டுறதுக்கு வளர்மதி வந்துச்சு. கருவேப்பிலங்குறிச்சிப் பொண்ணு, தனியார் ஸ்கூல்ல பி.டி. டீச்சர். பொம்பளைப் புள்ளைங்க ரேஸ்ல ஏற்கெனவே ஓட்டி கப்பெல்லாம் வாங்கின பொண்ணு. வூட்ல கல்யாணத்துக்கு நெருக்கிக்கிட்டு இருந்தாங்க. ஒரே ஒரு தடவை நேஷனல்ல ஆம்பளைங்களோட ஓட்டிட்டேன்னா அப்புறம் நீங்க சொல்றபடி கேக்குறேன்னு வாய்தா வாங்கி வச்சிருந்துச்சு. அதுக்கு இருந்தது அந்த ஒரு ஆசைதான். எனக்கும் அதே ஆசைதான், என்னால ஓட்ட முடியாம போனது. ரெண்டு பேரும் ஸ்கூலு வுட்டதும் ஷெட்டுல கெடப்போம். சின்னச் சின்ன ரேஸ்ல மூணாவது, ரெண்டாவதுன்னு வந்து, கடைசியா ஜெயிக்கவும் ஆரம்பிச்சுது.

அப்புறம்தான் நேஷனல் சாம்பியன்ஷிப்புக்கு மனு போட்டோம். புது டீம் உள்ள வரணும்னா ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்குற டீம் ஓனருங்களும் சேந்த கமிட்டி சரின்னு சொல்லணும். மெட்ராஸ்ல ஒரு ஓட்டல்ல கூப்பிட்டு வச்சுப் பேசினாங்க. அந்த ஆளு நடுவுல ஒக்காந்திருந்தான். நீங்க வந்தா சாம்பியன்ஷிப்புக்கு என்ன லாபம்னு கேட்டான். ஸ்பான்சர் உண்டா, சொந்தமா பெரிய ஒர்க்‌ஷாப் உண்டான்னு கேட்டான். வளர்மதி ஜெயிச்சதையெல்லாம் சொல்லப் போச்சு, கை காட்டி நிறுத்திட்டான். பீங்கான் வியாபாரத்தை ஒழுங்காப் பாருங்கம்மான்னான். மத்தவங்க தலைய ஆட்டினாங்க. வளர்மதி வெளிய வந்து செவுத்துப் பக்கம் திரும்பி நின்னு அழுதுச்சு.

அந்த வெள்ளிக்கெழமையே அக்கா என்னைக் கூட்டிக்கிட்டு மணவாளநல்லூர் போனாங்க. எங்க ஊருக்குப் பக்கத்துலயே இருக்குது, கொளஞ்சியப்பர் கோயில். அங்க பிராது கட்டுறதுன்னு ஒண்ணு உண்டு. ஸ்டேஷன்ல எழுதிக் குடுக்குற மாதிரியே, யாரு, எந்த ஊரு, எனக்கு என்ன செஞ்சான், என்ன வேணும்னு பேப்பர்ல எழுதி, சாமி காலடியில வச்சுப் பூசை பண்ணி, முனியப்பர் சன்னதியில கட்டிட்டு வந்துடணும். மூணு மாசத்துல தீர்ப்பு. காரியம் முடிஞ்சா நாமளே போயி வாபஸ் வாங்கணும். வாங்காத வரைக்கும் கேஸு நிலுவையில இருக்குதுன்னுதான் எங்க ஊர்ல நெனப்பு. அக்கா எழுதினதை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க. இந்த ஆளு டீம் பேர்ல ஓடுற வண்டி எதுவும் முடிவுக் கோட்டைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான்.

நம்புறவங்க நம்புங்க. அடுத்த ரேஸ்ல அவன் வண்டி ஒண்ணுக்குச் செயின் அறுந்துச்சு. அதுக்கடுத்ததுல ரெண்டு வண்டியும் ஒண்ணோட ஒண்ணு மோதிக்கிட்டு மணல்ல போயி ஒக்காந்துச்சு. நல்லவேளை, ஓட்டினவனுங்களுக்கு ஒண்ணும் ஆகல. அப்புறம் ஒரு இன்ஜின் சீஸ் ஆகி நின்னுபோச்சு. ஸ்பான்சர் கழண்டுக்கிட்டான். சீசன் பாதியிலயே டீமை விக்கப் போறான்னு சேதி வந்துச்சு. வாங்குறவங்களுக்கு வண்டியோட சாம்பியன்ஷிப்ல அவனோட எடமும் சேந்து வரும், கமிட்டி கிட்ட கேக்கவே வேணாம். நானும் வளர்மதியும் குதிச்ச குதி இருக்குதே! அக்கா சூளை ஒண்ணை அடமானம் வச்சாங்க.

வாங்கப் போன அன்னைக்கு நானும் கூடப் போனேன். அந்த ஆளு ஒண்ணும் ஒடைஞ்சு போயெல்லாம் இல்ல. ஜம்முனு இருந்தான். ரேஸ் போதும் மேடம், வூட்ல திட்டுறாங்க, எலக்ட்ரிக் வண்டி ஷோரூம் போடப் போறேன்னு சிரிச்சான். மீட்டிங்குக்கு வந்தவங்கதானேன்னு அடையாளம் கண்டுக்கிட்டான். அக்கா கேட்டாங்க:

"அதுக்கு முன்னாடி என்னை எங்க பாத்தீங்கன்னு ஞாபகம் இருக்குதுங்களா?"

நெசமாவே யோசிச்சான், பாவம். நெத்தியச் சுருக்கிக்கிட்டு, "இல்லையே மேடம், பாத்திருக்கோமா?"ன்னான்.

"அதனால என்னங்க, பரவாயில்ல"ன்னு அக்கா சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பப் பாத்ததும் எனக்கு வாங்கின சந்தோஷம் பாதி எறங்கிடுச்சு. திட்டினவன் ஞாபகம் வச்சிருந்தாலாவது ஒரு மரியாதை. இவன் அதைக் கூட வச்சிருக்கல.

வண்டிங்க விருத்தாசலம் வந்து சேந்துச்சு. ஸ்டாண்டு போட்டு நிறுத்தி, நாங்க தொட்டுத் தொட்டுப் பாத்தோம். பக்கவாட்டுல அவன் பேரு கொட்டை எழுத்துல இருந்துச்சு. வளர்மதி அதைச் சுரண்டி எடுத்துட்டு, விருத்தாசலம்னு எழுதறதுக்கு நீல பெயிண்ட் வாங்கிட்டு வந்திருந்துச்சு. டப்பாவைத் தொறக்குறப்ப அக்கா வந்தாங்க.

"பேரு மேல கை வைக்காதீங்க. அப்படியே ஓடட்டும்."

எங்களுக்குப் புரியல. வளர்மதிதான் மொதல்ல யோசிச்சுது. ஒடம்புல பயம்னு ஒண்ணு இல்லாத பொண்ணு, கீழ விழுந்து தோள்பட்டை எலும்பு முறிஞ்சும் எந்திரிச்சு வண்டியத் தூக்கினது. அதுக்குப் பேச்சு தடுமாறுது. "அம்மா, அந்தப் பிராது? அந்தப் பேர்ல ஓடுற வண்டின்னுதான எழுதியிருக்கீங்க. வாபஸ் வாங்கிட்டீங்கல்ல?"

"எதுக்கு வாங்கணும்?"

நான் குறுக்க பூந்தேன். இப்ப இது நம்ம வண்டியாச்சே அக்கா, நம்ம வண்டி ஓட வேணாமான்னேன். அதுக்கு அக்கா என்னைப் பாத்த பார்வை இன்னும் கண்ணுலயே நிக்கிது.

"என் வண்டி ஓடணும்னு நான் எப்பப்பா சொன்னேன்? அவன் வண்டி ஓடக் கூடாதுன்னுதான சொன்னேன். அவன் பேரைப் போட்டுக்கிட்டு ஒவ்வொரு ரேஸுலயும் இது பாதியில நிக்கணும். ஊரே பாக்கணும், பேப்பர்ல வரணும். அப்பதான் யாரு இது, எதுக்கு இப்படிப் பண்றாங்கன்னு அவன் விசாரிப்பான். விசாரிச்சா நான் யாருன்னு ஞாபகம் வரும்."

வளர்மதி பக்கம் திரும்பி, ரொம்பப் பிரியமாத்தான் சொன்னாங்க, நீ விழவெல்லாம் வேணாம்மா, கோட்டுக்கு முன்னாடி ஓரங்கட்டி நிறுத்திடுன்னு. ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணு இதுக்குத்தான் வேர்வை சிந்தியிருக்குது. நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். வெறி புடிச்சவங்களா நீங்க, அவன் மேல இருக்குற கோவத்துக்கு இந்தப் புள்ளையா பலின்னு கத்தினேன். அக்கா கேட்டுக்கிட்டே நின்னாங்க. எல்லாம் முடிஞ்சதும், ரேஸுக்கு எத்தனை மணிக்குக் கெளம்பணும்னு கேட்டாங்க.

ரேஸு அன்னைக்கு வளர்மதி, முனியப்பா காப்பாத்துன்னு ஒரு தடவை முணுமுணுத்துட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கிச்சு. கடைசி வரிசையிலேர்ந்து கெளம்புச்சு. ஒவ்வொருத்தனா தாண்டிக்கிட்டு வருது. ஒவ்வொரு தடவை வண்டி எங்களைத் தாண்டுறப்பவும் செயினைத்தான் பாக்குறேன், எங்க அறுந்துடுமோன்னு. கடைசி ரவுண்டுல மூணாவதா வருது. அக்கா டிராக் ஓரச் செவுத்துக்கிட்ட கை கட்டிக்கிட்டு நிக்கிறாங்க. நேர் ரோட்டுக்கு வந்ததும் வளர்மதி தலையத் திருப்பி அவங்களைப் பாத்துச்சு. நான் பாத்தேன், நிச்சயமா பாத்துச்சு. வேகத்தைக் கொறைக்கல. கோட்டைத் தாண்டிடுச்சு.

நான் அழுதுட்டேன். மைக்குல மூணாவது எடம்னு அந்த ஆளோட பேரைச் சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. பழைய ஓனருக்கும் வாழ்த்துன்னு வேற சொன்னானுங்க. திரும்பிப் பாக்குறேன், அக்காவைக் காணோம். தனியா பஸ் ஏறி ஊருக்குப் போயிட்டாங்க.

திங்கக்கெழமை காலையில ஷெட்டுக்கு வந்தாங்க. நான் சமாதானமா பேசலாம்னு, வண்டி உங்க கைக்கு வந்துட்டதால சாமி அந்தப் பிராதைத் தள்ளுபடி பண்ணிட்டாரு அக்கான்னு சொன்னேன். சிரிச்சாங்க. மத்தியானம் காயலான் கடையிலேர்ந்து லாரி வந்துச்சு. அவன் கிட்ட வாங்கின ரேஸ் வண்டி ரெண்டையும், நாங்க மொதல்ல ஓட்டின பழைய வண்டிங்களையும் சேத்து ஏத்தச் சொன்னாங்க. நான் லாரிக்கு முன்னாடி படுக்காத கொறை. கேஸ் வெல்டிங் வச்சு சட்டத்தை அறுக்குற வரைக்கும் அங்கயே நின்னு பாத்துட்டுதான் வூட்டுக்குப் போனாங்க. வளர்மதி அப்ப ஸ்கூலு கிரவுண்டுல புள்ளைங்களை ஓட வச்சுக்கிட்டு இருந்துச்சு. அடுத்த ரேஸுக்கு வண்டி இல்ல, சாம்பியன்ஷிப்ல இருந்த எடமும் போச்சு. தையில அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு.

அந்த வாரமே நான் மணவாளநல்லூர் போயி அக்கா மேல பிராது கட்டினேன். ஆமாம், கட்டினேன். ஒரு பொண்ணோட ஓட்டத்தைக் கெடுத்த இவங்களுக்குச் சாகுற வரைக்கும் நிம்மதியே வரக் கூடாதுன்னு எழுதினேன்.

இதெல்லாம் ஊர்ல மறைக்க முடியுமா. ரெண்டே நாள்ல பட்டறை வாசல்ல வந்து நின்னாங்க. எம்மேல பிராது கட்டினியாமேன்னாங்க. ஆமான்னேன். இந்த ஊர்ல என் பேர்ல இன்னும் நாலு பேரு இருக்காங்க, அப்பா பேரு தெரு பேரெல்லாம் போட்டு ஒழுங்கா எழுதினியான்னு கேட்டாங்க. போட்டிருக்கேன்னேன். என்ன கேட்டேன்னாங்க. சொன்னேன். "நிம்மதியா? அது எனக்கு எப்பப்பா இருந்துச்சு? வேற ஏதாவது கேட்டிருக்கலாம்"னுட்டுப் போயிட்டாங்க. அதுலேர்ந்து அவங்க வண்டி எதுவும் என் பட்டறைக்கு வரல. ரோட்டுல பாத்தா ரெண்டு பேரும் மூஞ்சியத் திருப்பிக்குவோம்.

சில வருஷம் போச்சு. பீங்கான் தூசு நெஞ்சுல எறங்கி, படுத்த படுக்கையா ஆயிட்டாங்கன்னு கேள்விப்பட்டேன். போகல. அப்புறம் திருச்சியிலேர்ந்து அவங்க பொண்ணு வந்து பட்டறையில நின்னு கும்புட்டுச்சு. "மாமா, அந்தப் பிராதை வாபஸ் வாங்கிடுங்க. அம்மாவுக்கு மூச்சும் அடங்க மாட்டேங்குது, தூக்கமும் வர மாட்டேங்குது"ன்னு அழுதுச்சு. எனக்கு மனசு கரைஞ்சுபோச்சு. அன்னைக்கே அவங்க வூட்டுக்குப் போனேன்.

கட்டில்ல ஒரு கைப்புடி ஆளா கெடந்தாங்க. பேச்சு நின்னு நாலஞ்சு நாளாச்சுன்னாங்க. குனிஞ்சு, வாபஸ் வாங்கிடறேன்க்கா, எல்லாத்தையும் மறந்துடுவோம்னேன். கண்ணைத் தொறந்தாங்க. எங்கேர்ந்துதான் அந்தக் கொரல் வந்துச்சோ.

"என்னைப் பாத்துப் பாவப்படுறியா? அந்தப் புள்ளைக்கு நான் செஞ்சது நான் செத்தா சரியாயிடுமா? கட்டினது கட்டினதாவே இருக்கட்டும். போ."

மறுநாள் காலையில போயிட்டாங்க. நான் சாவுக்குப் போனேன், மாலை போட்டேன், சுடுகாடு வரைக்கும் நடந்தேன்.

போன மாசம் வளர்மதி புள்ளையத் தூக்கிக்கிட்டு பட்டறைக்கு வந்திருந்துச்சு. அது மனசுல ஒண்ணுமே இல்ல. ஒரு தடவை கோட்டைத் தாண்டிட்டேன்ல அண்ணா, அது போதும்னு சிரிக்குது. அவங்களும் செத்துட்டாங்க, இன்னும் எதுக்கு, போயி வாபஸ் வாங்கிட்டு வாங்கன்னுச்சு. மாட்டேன்னேன். எனக்காகத்தான கட்டினீங்க, நானே சொல்றேன்னுச்சு. நீ சொன்னாலும் மாட்டேன்னேன்.

"நீங்களும் அவங்க மாதிரியே ஆயிட்டீங்கண்ணா"ன்னு சொல்லிட்டு, புள்ளைய இடுப்புல மாத்திக்கிட்டுக் கெளம்பிடுச்சு. என்னைத் திட்டுறதா நெனச்சுதான் அந்தப் பொண்ணு அப்படிச் சொல்லுச்சு.